பாகம் தருவார் யார்?

விலையுயர்ந்த கமரா ஒன்றுக்கு நான் உடைமையாளன். ஆயினும் ஏழு மாதங்களாக அதனைக் கண்டேனில்லை. ஷட்டர் பழுதுற்றமையால் வெளிநாடு சென்ற அது, உதிரிப்பாகம் ஒன்றுக்காக அங்கே காத்துக் கிடக்கின்றது. இதனிடையே வெள்ளவத்தையில் ஆடிவேல் விழாவும் வந்து போயிற்று.

லயனல் வென்ட் (1900–1944) கொழும்பிலே படக்கலை வளர்த்த காலத்துக் கமராக்கள் வில்லும் பற்சக்கரமும் கொண்டவை. கைத்திறனுள்ளவர் திறந்து திருத்தலாம். கொட்டாஞ்சேனையில் ஒரு முதியவர் என் பழைய பிலிம் கமராவை மூன்றே நாளில் இயக்கித் தந்தார். "புதுசையும் திருத்தலாம் தம்பி, பாகந்தான் எங்களுக்குத் தரமாட்டினம்" என்றார். நோயின் வேர் அங்கேதான் இருக்கின்றது. இன்றைய கருவியின் மின்னணுப் பலகையும் மென்பொருளும் செய்தவர் பிடியிலேயே உள்ளன.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுது திருத்தும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. கைப்பேசியும் சலவை இயந்திரமும் அதன் பட்டியலில் உண்டு, கமரா இல்லை. நம் நாட்டிலோ, கமராவை இறக்குமதி செய்து விற்போர் குறித்த காலம்வரை அதன் பாகங்களை இருப்பில் வைத்து, உள்ளூர்த் திருத்துநர்க்கும் வழங்க வேண்டுமெனச் சட்டம் வகுத்தல் அவசியம்.

அதுவரை காத்திருப்போர்க்கு ஒரு சொல். கருவியை ஒப்படைக்குமுன் அதன் இலக்கம், பழுது, செலவு மதிப்பீடு, திருப்பித் தரும் நாள் ஆகியவற்றை எழுத்திலே பெறுக. பழைய கமராவை விற்றுவிடற்க. ஆடிவேலை நான் அந்த முதியவர் திருத்தித் தந்த கமராவினாலேயே படம் பிடித்தேன். அவற்றுள் ஒன்று இப்பொழுது என் மேசைமேல் இருக்கின்றது.