துப்பாக்கிச் சத்தத்தோடு முடிகிற கதைகள்

கதை எழுதப் பழகுகிறவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் இது. கதையில் போராட்டம் வேண்டும். அது இரண்டு வகை. மனிதன் இன்னொரு மனிதனோடோ, அரசோடோ, இயற்கையோடோ மோதினால் புறப் போராட்டம். தன் மனதோடு மோதினால் அகப் போராட்டம். பாடம் சரிதான். ஆனால் புறப் போராட்டம் சினிமாவுக்கு, அகப் போராட்டம் இலக்கியத்துக்கு என்று யாரோ நடுவில் ஒரு கோடு கிழித்துவிட்டார்கள். அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நல்ல கதைகள் செத்துக்கொண்டிருக்கின்றன!

சந்தேகம் இருந்தால் செங்கோட்டைக்கு வாருங்கள்.

இந்த ஊர்க்காரர் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். ரயில் பெட்டியில் ஆஷின் மனைவியும் உடன் இருந்தார். பிறகு வாஞ்சி ஓடிப்போய் நிலையத்தின் கழிப்பறைக்குள் தன்னையும் சுட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 25 சுமார். பள்ளிக்கூட மேடையில் இந்தக் கதை எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கெட்ட கலெக்டர், நல்ல இளைஞன், ஒரு துப்பாக்கி, டுமீல், திரை.

புறப் போராட்டத்துக்கு இதில் குறைவே இல்லை. அது பொய்யும் இல்லை. 1908-ல் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலி கொதித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். சுதேசிக் கப்பல் கம்பெனியை நெருக்கிய நிர்வாகத்தில் ஆஷுக்கு முக்கியப் பங்கு உண்டு. கோபத்துக்குக் காரணம் இருந்தது.

ஆனால் வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதமும் இருந்ததே! மேடையில் அதை முழுசாக யாரும் வாசிப்பதில்லை. அதில் கப்பல் கம்பெனியும் இல்லை, வ.உ.சி.யும் இல்லை. ஆங்கிலேயரைத் துரத்திச் சுதந்திரத்தை நிலைநாட்ட வேண்டும் என்று இருக்கிறது. சனாதன தர்மம் மிதிபடுகிறது என்ற ஆத்திரமும், மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சன் என்று ஐந்தாம் ஜார்ஜின் மேல் அருவருப்பும் அதே காகிதத்தில் இருக்கின்றன. லண்டனில் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா நடக்க அப்போது 5 நாள்தான் பாக்கி.

இந்தக் கடிதத்தைக் கண்டுகொண்ட எதிர்த்தரப்பாவது நல்ல கதை சொன்னதா? அதுவும் இல்லை. அவர்கள் வேஷத்தை மட்டும் மாற்றினார்கள். இப்போது வாஞ்சி வெறும் சாதி வெறியர், ஆஷ் ஏழைகளின் தெய்வம். பிரசவ வலியில் துடித்த பெண்ணை அக்கிரகாரம் வழியாக ஆஷ் அழைத்துப் போனார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அந்தக் காலத்து ஆவணம் எதையும் சொல்கிறவர்கள் காட்டுவதில்லை. சிலர் அதைச் செங்கோட்டையிலேயே நடந்ததாகச் சொல்கிறார்கள். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு அல்லவா இருந்தது? திருநெல்வேலி கலெக்டருக்கு இங்கே என்ன அதிகாரம்? வில்லனும் ஹீரோவும் சட்டையை மாற்றிக்கொண்டார்கள், நாடகம் அதே நாடகம்தான்.

இரண்டு தரப்பும் விட்டுவிட்டது அந்த மனிதனின் உள்ளே நடந்ததை. திருவிதாங்கூர் வனத்துறையில் சம்பளம் வாங்கியவர். வீட்டில் பொன்னம்மாள் என்று மனைவி. 3000 பேர் சபதம் எடுத்திருக்கிறோம் என்கிறது கடிதம். மணியாச்சிக்குக் கூட வந்தவரோ ஒரே ஒருவர். அந்தக் கழிப்பறைக் கதவு சாத்திய பிறகு, இரண்டாவது முறை துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்னால், என்ன நினைத்திருப்பார்? விடுதலை வேட்கையும் பிறப்பின் கர்வமும் ஒரே நெஞ்சில் இருந்தனவே, அவற்றைப் பிரித்துப் பார்க்க அவரால் முடிந்ததா? இதைச் சரித்திரப் புத்தகம் சொல்ல முடியாது. கதைதான் சொல்ல முடியும். கதை எதற்கு இருக்கிறது?

உடனே ஒரு 'இலக்கிய' எழுத்தாளர் அந்தக் கதவுக்குள் புகுந்து 40 பக்கம் மன ஓட்டம் எழுதினால் சரியாகிவிடுமா? ஆகாது. வெளியே 1908 இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் புலம்பல்.

திருநெல்வேலிக்காரர் புதுமைப்பித்தன் இந்தக் கோட்டை மதிக்கவே இல்லை. 'பொன்னகரம்' கதையில் அம்மாளுவை நெருக்குவது வறுமையும் அடிபட்டுக் கிடக்கும் புருஷனும். எல்லாம் வெளியே நடக்கிறது. அவள் மனதை அவர் விளக்கவில்லை, ஆனாலும் படித்தவர் அதைச் சுமந்துகொண்டுதான் எழுந்திருப்பார். 'சாப விமோசன'த்தில் அகலிகை உள்ளுக்குள் நொறுங்குகிறாள். ஆனால் அவளை மறுபடி கல்லாக்குவது, சீதை தீக்குளிக்க வேண்டியிருந்தது என்று வெளியிலிருந்து வரும் செய்தி. அகமும் புறமும் அங்கே ஒரே அடி.

பி.காம். முதல் வருஷ மாணவனுக்குக்கூட இது தெரியும். பற்று எழுதினால் அதற்கு வரவும் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதி வைத்தால் அது கணக்கு இல்லை. வாஞ்சி கதையை நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு பக்கம் மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பக்கமாக.

அடுத்த முறை வாஞ்சி நாடகம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டுமீல் சத்தத்தோடு திரையை இறக்காதீர்கள். கதவு சாத்திய பிறகும் விளக்கை எரிய விடுங்கள். கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசியுங்கள். கூட்டத்தில் சிலருக்குக் கண் கலங்கும், சிலருக்குக் கோபம் வரும். இரண்டும் சேர்ந்து வந்தவர் யாரோ, அவர்தான் அன்றைக்குக் கதை பார்த்தவர்.