இசை அறிவோம்: டோரியனும் கரகரப்பிரியாவும்



நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் இந்நாளில் கீபோர்டு பயில்கின்றனர். கல்பாத்தி அக்கிரகாரத்திலும் அத்தகையோர் உளர். மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் தேவாலயப் பாடகர் குழுவிற் சேர்ந்து பயில்வோரும் உளர். அவர்கள் பாடத்தில் ஒரு நாள் 'டோரியன் மோடு' என்னும் பெயர் வருகின்றது. 'இது மேல்நாட்டுச் சங்கதி, நமக்கெங்கே விளங்கப் போகிறது' என்று பெற்றோர் ஒதுங்கி விடுகின்றனர். பாட்டுப் பயின்ற பாட்டியாரையோ எவரும் கேட்பதில்லை. உண்மையில் அவ்வீட்டில் அதனை நன்கு அறிந்தவர் அப்பாட்டியாரே!

கீபோர்டிலேனும் ஆர்மோனியத்திலேனும் இரட்டையாக நிற்கும் கறுப்புக் கட்டைகளைக் காண்க. அவற்றிற்கு இடப்புறத்தே ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டையை நம்மவர் 'ஒரு கட்டை' என்பர். அவ்விரண்டிற்கும் நடுவில் உள்ளது 'இரண்டு கட்டை'. ஒரு கட்டையை ஸட்ஜமாக வைத்து, வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் கிடைக்கும். மேல்நாட்டார் அதனை மேஜர் ஸ்கேல் என்பர். இனி இரண்டு கட்டையை ஸட்ஜமாக வைத்து, அதே வெள்ளைக் கட்டைகளை வாசித்துப் பாருங்கள். சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம் என்பன கிடைக்கும். இதுவே டோரியன். 22ஆவது மேளகர்த்தாவாகிய கரகரப்பிரியாவின் ஸ்வரங்களும் இவையே. வடநாட்டார் இதனைக் காபி தாட் என வழங்குவர்.

கட்டைகள் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது ஏன்? ஆதாரம் மாறியதே காரணம். சுருதிப் பெட்டியை ஒரு கட்டையிலேயே ஒலிக்கவிட்டு, இரண்டு கட்டையிலிருந்து வாசித்தால் நம் செவி அதனைச் சங்கராபரணமாகவே கொள்ளும். சுருதியையும் இரண்டு கட்டைக்கு மாற்றினாலன்றிக் கரகரப்பிரியா பிறவாது. நம் முன்னோர் இவ்வாறு ஆதாரத்தைப் பெயர்ப்பதைக் கிரகபேதம் என்றனர். கரகரப்பிரியாவின் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் தோடியும், காந்தாரத்தை ஆக்கினால் கல்யாணியும், மத்தியமத்தை ஆக்கினால் ஹரிகாம்போதியும், பஞ்சமத்தை ஆக்கினால் நடபைரவியும் தோன்றும். சிலப்பதிகாரத்தில் வரும் பாலை மரபும் இவ்வாறு ஆதாரம் பெயர்த்துப் பண் காணும் மரபே; அவற்றுட் கோடிப்பாலை இன்றைய கரகரப்பிரியா என்பது அறிஞர் பலர் கொள்கை.

டோரியன் என்னும் பெயர் பண்டைக் கிரேக்க இனத்தார் ஒருவர் பெயரினின்று வந்தது. ஆயின் கிரேக்கர் அப்பெயரால் வழங்கிய ஸ்வர வரிசை வேறு. இடைக்கால ஐரோப்பியத் தேவாலய இசையாளர் அப்பழம் பெயரைத் தம் முதல் மோடுக்கு இட்டனர். அவர்களிடம் தம்புரா இல்லை. பாட்டு எந்த ஸ்வரத்தில் வந்து முடிகின்றதோ அதனையே ஆதாரமெனக் கொண்டனர். இம்முறை இன்றும் வழக்கொழியவில்லை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட 'சோ வாட்' என்னும் உருப்படி டோரியனில் அமைந்ததே.

எனினும் ஒன்று கூறவேண்டும். டோரியனும் கரகரப்பிரியாவும் ஸ்வரத்தால் ஒன்று, இசையால் ஒன்றல்ல. மோடு என்பது ஸ்வர வரிசை. ராகம் என்பதோ அவ்வரிசைக்கு உயிர் வந்த நிலை. காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அசைத்துப் பாடும் கமகத்திலேதான் கரகரப்பிரியா விளங்கும். தியாகராஜ சுவாமிகளின் 'சக்கனி ராஜ' கீர்த்தனையைக் கேட்டார்க்கு இது சொல்லாமலே விளங்கும். ஆர்மோனியக் கட்டை அவ்வசைவைத் தாராது. 1940இல் அகில இந்திய வானொலி அக்கருவியை விலக்கியபோது சொல்லப்பட்ட குறைகளுள் இதுவும் ஒன்று. அதே ஸ்வரங்களை அசைக்காது நேராக நிறுத்தி, உடன்சேரும் ஸ்வரக் கூட்டங்களால் அழகு செய்வது மேல்நாட்டு முறை. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று பிள்ளைகளிடம் கூறுதல் தகாது. அவ்வாறு கூறக்கேட்ட பிள்ளை இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிடும். பெரும்பாலும் கைவிடப்படுவது வீட்டிலிருக்கும் இசையே.

ஆகவே ஒன்று செய்யுங்கள். வரும் ஞாயிறன்று சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்துப் பிள்ளையை வெள்ளைக் கட்டைகளில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். பின்னர் பெரியவர் ஒருவர் அதே ஸ்வரங்களைக் கமகத்தோடு பாடிக் காட்டட்டும். உயரச் சுருதி கூடாதாயின், மூவரும் ஒத்துக்கொண்டு சுருதியைத் தாழ்த்தலாம்; கீபோர்டில் அதற்குரிய பொத்தான் உண்டு. ஒத்த இடம் எது, வேறுபட்ட இடம் எது என்று பிள்ளையே கூறட்டும். செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மண்ணை அடுத்து வாழும் நம் வீடுகளில் இதற்குப் பாடிக் காட்டுவோர் கிடையாமற் போகார்.

அடுத்த திங்களில், தைவதம் ஒன்றே மாறுவதால் கரகரப்பிரியா நடபைரவியாவது எங்ஙனம் என்பதைக் காண்போம்.