உடைமையும் வாசிப்பும்

எழுத்தாளர் சிலர் தம் வரலாற்றுப் புதினத்தை ‘என்.எஃப்.டி.’ எனும் எண்ணிமச் சேகரிப்புப் பொருளாக விற்க முன்வருகின்றனர். பிளாக்செயின் என்னும் கணினிப் பேரேட்டில் வாங்கியவரின் உடைமை பதிவாகிறது. மறுவிற்பனையிலும் எழுத்தாளருக்குப் பங்கு கிடைக்க வழியுண்டு. உழைப்புக்கு ஊதியம் வேண்டுவது முறையே. ஆயினும், வாங்குபவர் பெறுவது உடைமைச் சான்றே. பதிப்புரிமை தனியே எழுதித் தரப்பட்டாலன்றி அவரைச் சேராது.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களை வாசகர் பலர் வாரந்தோறும் சேர்த்து, நூலாகக் கட்டிப் பாதுகாத்தனர். அதுவும் சேகரிப்பே. ஆனால், பலர் கைமாறிப் படித்தனர்; தாள் நைந்தது, கதை நிலைத்தது. பின்னர் அப்புதினம் நாட்டுடைமையும் ஆயிற்று. படிக்கப்படாத புதினம் பூட்டிய பேழையே. அரிய படி செல்வர்க்கு விற்கப்படட்டும். எளிய படி எவர்க்கும் கிடைக்கட்டும்.