கம்பெனிக்கு 99 ஆண்டு, கூலிக்காரருக்கு ஒன்றுமில்லையா?

சேர்வராயன் மலையில் காபிப் பழம் சிவக்கும் மாதங்களில், விடிந்ததும் தோட்டத்துக்குப் போகும் பெண்களை ஏற்காடு சாலைகளில் பார்க்கலாம். நிழல் மரத்தை எப்போது கவாத்து செய்வது, மிளகுக் கொடியை எந்த மரத்தில் ஏற்றுவது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. கொண்டுவந்தவர் பெயர் நிலைத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அதை வளர்த்த தலித் குடும்பங்களோ இன்னும் லைன் வீடுகளில் இருக்கின்றன. வேலை போனால் வீடும் போகும்.

இவர்களை விவசாயிகளாக்க அரசிடம் என்ன வழி இருக்கிறது? தாட்கோவின் நன்னிலம் திட்டம் நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் ரிசார்ட்டும் பங்களாவும் நிலத்துக்குப் போட்டி போடும் மலையில், மீதிப் பணத்துக்குக் கூலிப்பெண் எங்கே போவார்? விலைக்கு வாங்க முடியாதவருக்கு அரசு நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கலாமே என்று நாம் கேட்கிறோம்.

குத்தகை அரசுக்குப் புதிதல்ல. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் மாஞ்சோலைப் பகுதியில் சுமார் 8,374 ஏக்கரைப் பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஜமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுக்கு வந்தது. குத்தகை அப்படியே தொடர்ந்தது. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வுக் கடிதம் வாங்கிக்கொண்டு தொழிலாளரை வெளியே அனுப்பியது. தோட்டத்தை அரசின் டான்டீ ஏற்க வேண்டும், தங்களுக்கு நிலம் வேண்டும் என்ற கோரிக்கைகள் நீதிமன்றம் வரை போயின. அது காப்புக்காடு என்பதால் 2024 டிசம்பரில் தள்ளுபடியாயின. காடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கம்பெனி இருந்தவரை தோட்டமாக இருந்த நிலம், தொழிலாளி கேட்கும்போது மட்டும் காடாகிவிடுவது என்ன நியாயம்?

குத்தகை என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்குப் பஞ்சாப் பாடம். அங்கே பஞ்சாயத்துப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குக் குத்தகைக்கு விடவேண்டும் என்பது சட்டம். ஆண்டுதோறும் ஏலம் நடக்கும். நிலக்கிழார்கள் தங்கள் பண்ணையாளை பினாமியாக நிறுத்தி ஏலம் எடுத்துவிடுவார்கள். 2014-ல் சங்ரூர் மாவட்டம் பலத் கலான் கிராமத்து தலித்துகள் தடியடி வாங்கிப் போராடித்தான் தங்கள் பங்கைப் பெற்றார்கள். கூட்டாகவே பயிர் செய்தார்கள்.

மலைக்கோ ஓராண்டுக் குத்தகை உதவவே உதவாது. காபி காய்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும், மிளகும் அப்படித்தான். அதுவரை வாழையும் பீன்ஸும் போட்டுத்தான் அடுப்பெரிய வேண்டும். முதல் ஆண்டிலேயே கடன் வேண்டும். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பி.எம். கிசான் பணமும் நிலம் சொந்தமாக உள்ளவருக்குத்தான். பழத்தை அப்படியே விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. தோல் நீக்கும் எந்திரமும் காயவைக்கக் களமும் இருந்தால் பேரம் பேசலாம். 1892-ல் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெருமளவு கைமாறிப் போனதே! உழுது பயிர் செய்ய வழியில்லாதவன் கையில் காகிதம் எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே நம் கோரிக்கை இதுதான். மலையில் உள்ள அரசு நிலங்களையும், தனியாருக்கு விட்டுக் குத்தகை முடிந்தவற்றையும் மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டு வெளியிடட்டும். காடும், மலையாளிப் பழங்குடியினரின் வன உரிமைக்கு உரிய நிலமும் அதில் சேரக் கூடாது. ஏழையோடு ஏழையை மோதவிடும் வேலை நமக்கு வேண்டாம். மிஞ்சும் நிலத்தை ஏலமின்றி, பெண்கள் குழுவின் பெயரில், குறைந்தது 30 ஆண்டுக்குக் கொடுக்கட்டும். உள்குத்தகை கண்டால் ரத்து செய்யட்டும். குத்தகைப் பத்திரத்தையே ஆதாரமாக ஏற்றுக் கடன் தரட்டும். நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்த கூட்டுப் பொறுப்புக் குழுவுக்கு நிலப்பத்திரமின்றிக் கடன் தர நபார்டு ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. கேரளத்துக் குடும்பஸ்ரீ பெண்கள் இப்படித்தான் குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறார்கள்.

கம்பெனியிடம் 99 ஆண்டு நம்பிக்கை வைத்தார்கள். கூடை சுமக்கும் பெண்ணிடம் 30 ஆண்டு வைக்கக் கூடாதா?