ஆல்பத்தோடு நிற்கும் பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்யாண போட்டோகிராபி பற்றிய சுயதொழில் கட்டுரை படித்தேன். கேமரா வாங்கிவிட்டால் தொழில் ஓடிவிடும் என்கிற தொனி சரியில்லை. கேமராவுக்கு முத்ரா கடன் இருக்கிறது. 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை, 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரை. தவணை மாதாமாதம் வரும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் வராதே! தை பிறந்தால் ஒரே நாளில் மூன்று வீட்டார் கூப்பிடுவார்கள். வெளியாளை அனுப்பினால் அவருக்கு அன்றைக்கே சம்பளம்.

தாலி முடிச்சு விழும் நேரம் திரும்ப வராது. அதனால்தான் இரண்டு கார்டிலும் ஒருசேரப் பதிவாகும் கேமராவாகப் பார்த்து வாங்குகிறோம். அதையும் மீறிக் குறுக்கே நீளும் செல்போன்களுக்கு எங்களிடம் மருந்தில்லை.

பெரிய தலைவலி வசூல்தான். அட்வான்ஸ் கைக்கு வரும். மீதி ஆல்பம் கொடுக்கும்போது என்பது வழக்கம். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துத் தாருங்கள் என்றால், "மாப்பிள்ளை துபாயிலிருந்து வரட்டும் தம்பி" என்பார்கள். அதற்குள் வளைகாப்பே வந்துவிடும், அதற்கும் நம்மையே கூப்பிடுவார்கள்!

கல்யாணத்தன்றே பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு, ஆல்பத்துக்கு மட்டும் சிறுதொகையை நிறுத்திவைப்பதே புதியவர்களுக்கு நல்லது. அதை எழுதி வாங்கத் தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம் வெளியிடுவீர்களா?

- ஒரு ஸ்டுடியோக்காரர், கும்பகோணம்