லட்டும் மன்னிப்பும்

பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பல நேரம் டி.வி.தான் துணை. கிறிஸ்தவப் பெற்றோர் சிலருக்கு ‘சோட்டா பீம்’ என்ற புராணப் பெயர் உறுத்தலாம். பெயர் கிடக்கட்டும். லட்டு தின்ற பலத்தில் அவன் விடுகிற உதையைத்தான் விசாரிக்க வேண்டும்.

பைபிள் கார்ட்டூன் போட்டால் தீர்ந்ததா? 1993இல் பேசும் காய்கறிகளை வைத்து அமெரிக்காவில் ‘வெஜிடேல்ஸ்’ தொடங்கிய ஃபில் விஷர், தான் பிள்ளைகளுக்குப் புகட்டியது கிறிஸ்தவ நடத்தையை, கிறிஸ்தவத்தை அல்ல என்று 2011இல் ஒரு பேட்டியில் வருந்தினார். நல்ல பழக்கங்களை, 1997இல் தூர்தர்ஷனுக்கு வந்த சக்திமானும்தான் போதித்தார், ஞானஸ்நானம் பெறாமலே.

சுவிசேஷம் வேறுபடுவது தப்பு செய்தவனை ஏற்பதில். கதை முடிவில் கெட்டவனுக்குக் கிடைப்பது உதையா, மன்னிப்பா? பிள்ளையோடு உட்கார்ந்து அதைப் பார்க்க ஷிப்ட் விட வேண்டுமே.