மைக்ரோ ஓம் நமஹ!

கையில ஒரு மல்ட்டிமீட்டர். எதிர்ல சுண்டுவிரல் தடிமன்ல, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பி. ''இதோட ரெசிஸ்டன்ஸ் என்னப்பா?''னு வைவாவுல கேட்டா என்ன பண்ணுவீங்க? ரெண்டு முனையையும் தொட்டு, 0.2 ஓம்னு படிச்சு, கம்பீரமா சொல்லுவீங்க. அங்கேயே மார்க் காலி!

மீட்டர் பொய் சொல்லலை மக்களே. ஆனா, அது சொன்னது தன்னோட சிவப்பு, கறுப்பு ஒயர்களின் கதையை. குறுக்குவெட்டு 1 சதுர செ.மீ. இருக்கிற அந்தக் கம்பிக்கு உண்மையான ரெசிஸ்டன்ஸ் சுமார் 172 மைக்ரோ ஓம்தான். மீட்டர் ஒயர் அதைவிட ஆயிரம் மடங்கு. யானை முதுகுல உட்கார்ந்த கோழியை, யானையோட சேர்த்து எடை போட்டா எப்படி?

''இத்தனூண்டு ரெசிஸ்டன்ஸை அளந்து என்ன கிழிக்கப் போறோம்?''

பென்னலூர் பக்கம் படிக்கிறவங்க இப்படிக் கேட்கக் கூடாது. சென்னை ரோட்ல கொஞ்சம் வந்தா இருங்காட்டுக்கோட்டை. 1998-ல இருந்து ஹூண்டாய் கார்கள் உருளுற இடம். அந்தப் பக்கம் ஒரகடம். ஒரு காரோட ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. கேபிள் முனையில 1 மில்லி ஓம் கூடுதலா இருந்தா 0.2 வோல்ட் போச்சு, 40 வாட் சூடு. ஸ்டார்ட்டர் சில நொடியோட நின்னுடும், பிழைச்சது. அதே 200 ஆம்பியர் ஃபேக்டரி பேனல் பஸ்பார்ல ஷிஃப்ட் முழுக்க ஓடினா? ஒரு சால்டரிங் அயர்னை ஜாயின்ட்டுக்குள்ள சொருகி வெச்ச மாதிரி. சூடு ஏற ஏற ஜாயின்ட் கெடும், கெடக் கெட இன்னும் சூடு. கடைசியில புகை. அந்த பேனல் கதவைத் திறக்கிற புது ட்ரெய்னி நீங்களாக்கூட இருக்கலாம்.

வழி என்ன? நாலு ஒயர். ரெண்டு ஒயர்ல 10 ஆம்பியர் கரன்ட்டை அனுப்புங்க. மத்த ரெண்டும் வோல்டேஜை மட்டும் பார்க்கட்டும். வோல்ட்மீட்டர் கரன்ட்டே எடுக்காத சாது. அதனால அந்த ஒயரோட ரெசிஸ்டன்ஸ் கணக்குலயே வராது. 1.72 மில்லி வோல்ட் காட்டும், பத்தால வகுத்தா 172 மைக்ரோ ஓம். ஸோ சிம்பிள்!

லேப் மூலையில தூசி படிஞ்சு கிடக்குற கெல்வின் டபுள் பிரிட்ஜ்லயும் இதே சூட்சுமம்தான். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1861-ல கொடுத்தது. அவருக்கு ஏன் இந்த வேலை? அட்லாண்டிக் கடலடியில தந்திக் கேபிள் போடுற மும்முரம் அப்போ. பார்க்க ஒரே மாதிரி பளபளக்குற செம்புக் கம்பிகள், மின்சாரம் கடத்துறதுல ஏகத்துக்கும் வித்தியாசப்படுதுன்னு 1857-லயே கண்டுபிடிச்சுட்டார் மனுஷன். (அலுமினியத்துக்கு செம்பு முலாம் பூசி 'ப்யூர் காப்பர்'னு விக்கிற நம்ம ஊர் ஆசாமிகளைப் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ!)

ரெண்டு வில்லன்கள் பாக்கி. வேற வேற உலோகம் சேர்ற இடத்துல சூடு வித்தியாசப்பட்டா, தானாவே சில மைக்ரோ வோல்ட் முளைக்கும். கரன்ட்டைத் திருப்பிவிட்டு இன்னொரு ரீடிங் எடுத்து சராசரி போட்டா அது அவுட். அடுத்தது, நம்ம வெயில். செம்பு ஒரு டிகிரிக்கு 0.39 சதவிகிதம் ஏறும். 20 டிகிரிக்குப் போட்ட கணக்கை மே மாச ஷெட்ல 40 டிகிரியில சரிபார்த்தா, 8 சதவிகிதம் உதைக்கும். வெப்பநிலையையும் பக்கத்துலயே குறிச்சுடுங்க.

அடுத்த லேப்ல கனெக்‌ஷனை ஒரு தடவை உத்துப் பாருங்க. கரன்ட் ஒயரும் வோல்டேஜ் ஒயரும் ஒரே ஸ்க்ரூவுல மாட்டியிருந்தா, வோல்டேஜ் ஒயரை மட்டும் கழட்டி, கம்பியில கொஞ்சம் உள்பக்கமா தள்ளி மாட்டுங்க. ரீடிங் சட்டுனு இறங்கும். இறங்கினது அந்த ஸ்க்ரூவோட பங்கு!